உத்தியோக மோகமா, ஊதியப் பஞ்சமா?

"நம் இளைஞர்களுக்கு வேலை இல்லை" என்று ஒரு சாரார் முறையிடுகின்றனர். "வேலை மலைபோல் குவிந்து கிடக்கிறது, செய்யத்தான் ஆள் இல்லை" என்று மற்றொரு சாரார் சாதிக்கின்றனர். இரு சாராரும் பொய் சொல்லவில்லை என்பதே விந்தை. மேஜை வேலைக்கு ஆட்கள் ஏராளம், இடங்கள் சொற்பம். பட்டறை வேலைக்கு இடங்கள் ஏராளம், நிலைத்து நிற்கும் ஆட்கள் சொற்பம். இதைக் கண்ட பெரியோர் பலர், இளைஞர்களுக்கு உத்தியோக மோகம் தலைக்கேறிவிட்டது, உடல் வளைத்து உழைக்க மனமில்லை என்று தீர்ப்பும் கூறிவிட்டனர். குற்றஞ்சாட்டப்பட்டவனின் வாக்குமூலத்தைக் கேளாமல் தீர்ப்பெழுதுவது எந்த நியாயஸ்தலத்துக்கும் அழகல்ல. ஆகவே அவ்வழக்கை இன்று மறு விசாரணைக்கு எடுத்துக்கொள்கிறோம்.

சென்னை அசோக் நகரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அங்குள்ள நாற்சிங்கத் தூணிலிருந்து நூறடிச் சாலை வழியே தெற்கு நோக்கிச் செல்பவர், ஜாபர்கான்பேட்டையைக் கடந்து, அடையாற்றுப் பாலத்தைத் தாண்டி, ஈக்காட்டுத்தாங்கலை அடைகிறார். அதை அடுத்திருப்பது கிண்டித் தொழிற்பேட்டை. காமராஜர் முதன்மந்திரியாகவும் ஆர். வெங்கட்ராமன் தொழில் மந்திரியாகவும் இருந்த காலத்தில், 1958-ஆம் வருஷம் ஏற்பட்டது அது. கையில் பெருமூலதனம் இல்லாத சிறு தொழிலதிபரும் ஒரு லேத், ஒரு வார்ப்படச் சாலை வைத்துப் பிழைக்கட்டும் என்பதே அதன் நோக்கம். அப்பேட்டை இன்று திரு.வி.க.வின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 'தேசபக்த'னையும் 'நவசக்தி'யையும் நடத்திய அப்பெரியார், 1918 ஏப்ரல் 27-ஆம் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் பி. பி. வாடியாவின் தலைமையில் தோன்றியபோது அதன் உபதலைவர்களில் ஒருவராக விளங்கினார். எழுதுகோல் பிடித்த கை ஆலைத் தொழிலாளியின் கையைப் பற்றிய காலம் அது.

ஆற்றுக்கு வடகரையில், பிள்ளைகளைப் பட்டதாரிகளாக்கி நிழலில் உட்கார வைக்க ஆசைப்படும் குடும்பங்கள். தென்கரையில், ஆள் வேண்டும் ஆள் வேண்டும் என்று கூவும் பட்டறைகள். ஜாபர்கான்பேட்டைக்கும் ஈக்காட்டுத்தாங்கலுக்கும் இடையில் ஓடும் ஆறு குறுகியதே. ஆயினும் அசோக் நகர் வீட்டுப் பிள்ளை வேலை தேடி அதைக் கடப்பதில்லை. ஏன் கடப்பதில்லை என்பதே கேள்வி.

முதலில் வடகரைக் கணக்கைப் பார்ப்போம். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் நான்காம் தொகுதித் தேர்வுக்குப் பத்தாம் வகுப்புத் தேறியிருந்தால் போதும். கிராம நிர்வாக அலுவலர், இளநிலை உதவியாளர், தட்டச்சர் போன்ற பதவிகளுக்கானது அத்தேர்வு. 2022-இல் அறிவிக்கப்பட்ட இடங்கள் 7,301. மனுச் செய்தோர் சுமார் 22 லட்சம். 2024-இல் இடங்கள் 6,244. மனுதாரர் 20 லட்சத்துக்கு மேல். 2025-இல் இடங்கள் 3,935. மனுதாரர் ஏறக்குறைய 14 லட்சம். பிற்பாடு இடங்கள் ஓரளவு கூட்டப்படுவது உண்டு. எனினும் அறிவிப்பின்படி ஒரு நாற்காலியைச் சுற்றி முந்நூறு பேருக்குக் குறையாமல் நிற்கின்றனர். அவர்களில் பெருந்தொகையினர் பட்டதாரிகள் என்பதை நேயர்கள் அறிவர்.

சர்க்கார் உத்தியோகம் இல்லையேல் கம்ப்யூட்டர் உத்தியோகம் என்ற நம்பிக்கையும் முன்போல் இல்லை. 2000-ஆம் வருஷம் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டது முதல், சாப்ட்வேர் கம்பெனிகள் நம் மத்தியதர வகுப்பைத் தூக்கி நிறுத்தியது உண்மை. ஆனால் 2025 ஜூலையில், டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் போன்ற பெரும் ஸ்தாபனமே தன் ஊழியரில் நூற்றுக்கு இருவரை, அதாவது சுமார் 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. புதிதாகச் சேருவோரின் ஆரம்பச் சம்பளமோ பல வருஷங்களாகவே ஆண்டுக்கு மூன்று, மூன்றரை லட்சத்தைச் சுற்றியே நிற்கிறது. கணக்கெழுதுவது, கடிதம் வரைவது, நிரல் தொகுப்பது ஆகியவற்றில் ஒரு பகுதியை இயந்திர அறிவே செய்யத் தொடங்கிவிட்ட இக்காலத்தில், மேஜை வேலை என்றென்றும் பெருகும் என்று எவரும் உறுதி கூற இயலாது.

சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனத்தின் துணையோடு 2024-இல் வெளியான இந்திய வேலைவாய்ப்பு அறிக்கை, இதன் விளைவை எடுத்துக்காட்டுகிறது. 2022-ஆம் வருஷத்தில் இந்திய இளைஞரில் எழுதப் படிக்கத் தெரியாதவரிடையே வேலையின்மை நூற்றுக்கு 3.4; பட்டதாரிகளிடையே நூற்றுக்கு 29.1. படித்தவனுக்கே வேலை அரிது என்று மேலெழுந்தவாரியாகத் தோன்றும். ஆனால் எழுத்தறியாத ஏழை வேலையின்றி ஒரு வாரம் காத்திருக்க முடியாது என்பதையும் இக்கணக்கில் வைத்தே படிக்கவேண்டும். தகப்பனாரின் பென்ஷனில் அண்டி நிற்கக்கூடியவன் காத்திருக்கிறான். அண்டி நிற்க எவருமில்லாதவன் கிடைத்ததைச் செய்கிறான்.

இனித் தென்கரை. தொழிற்சாலைகளின் எண்ணிக்கையில் இந்தியாவிலேயே முதலிடம் வகிப்பது தமிழ்நாடு. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர், கோயமுத்தூர் என்று எத்திசையிலும் புகைபோக்கிகளும் கூடங்களும் எழுந்துள்ளன. ஆள் கிடைக்கவில்லை என்று முதலாளிமார் கூறுவதும், பீகார், ஒடிஸா, ஜார்க்கண்ட், அஸ்ஸாம் ஆகிய ராஜ்யங்களிலிருந்து சகோதரர்கள் ரயிலேறி வருவதும் கண்கூடு. அவர்களை நாம் குறைகூறவில்லை. 2023-ஆம் வருஷத் தொடக்கத்தில் அவர்களைத் தமிழர் தாக்குவதாகப் பொய்ச் செய்தி பரப்பப்பட்டபோது, அது பொய்யென்று நிலைநாட்டப்பட்டது நம் நாட்டின் மானத்தைக் காத்தது. நாம் கேட்பது வேறு. மனைவி மக்களை ஊரில் விட்டு, தகரக் கொட்டகையில் பத்துப் பேரோடு உறங்கி, ஒரு நாளில் பன்னிரண்டு மணி நேரம் உழைப்பவனுக்கு மட்டுமே கட்டுப்படியாகும் கூலியை, உள்ளூரில் குடும்பம் நடத்தவேண்டியவன் ஏற்கவில்லை என்றால், அதற்குப் பெயர் சோம்பலா?

இப்போது இளைஞனின் வாக்குமூலத்தைக் கேட்போம். இளநிலை உதவியாளரின் ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 19,500 ரூபாய். அகவிலைப்படி சேர்ந்தால் 30,000 ரூபாயை ஒட்டி வரும். வேலை நிரந்தரம், லீவு உண்டு, வருஷந்தோறும் சம்பள உயர்வு உண்டு. ஐ.டி.ஐ. முடித்துத் தொழிற்சாலை வாயிலில் நிற்பவனுக்கு முதலில் கிடைப்பதோ அப்ரண்டிஸ் பதவி. அப்ரண்டிஸ்களின் குறைந்தபட்ச உதவித்தொகை, 2019-ஆம் வருஷத்திய திருத்த விதிகளில் படிப்புக்கேற்ப மாதம் 5,000 ரூபாய் முதல் 9,000 ரூபாய் வரை என்றே நிர்ணயிக்கப்பட்டது. சென்னையில் ஓர் அறைக்கு வாடகை கொடுத்து உண்டு உடுத்த இது எந்த மூலைக்கு?

சட்டம் படித்தவர் என்ற முறையில் மற்றொன்றையும் இங்கே குறிப்பிடவேண்டும். 1961-ஆம் வருஷத்திய அப்ரண்டிஸ் சட்டத்தின் 18-ஆவது பிரிவு, அப்ரண்டிஸ் என்பவர் பயிற்சி பெறுபவரேயன்றித் தொழிலாளி அல்லர் என்று கூறுகிறது. பயிற்சி முடிந்தபின் வேலை கொடுத்தே தீரவேண்டும் என்ற கடமையும் முதலாளிக்கு இல்லை. ஆக, அதே யந்திரத்தில், அதே வேகத்தில், அதே பொருளைச் செய்யும் ஒருவன் சட்டத்தின் கண்ணில் தொழிலாளியே ஆகமாட்டான். அவனுக்குப் பின் இன்னொரு வருஷ அப்ரண்டிஸ் வருவான். முந்தியவன் மூட்டை கட்டவேண்டியதுதான். பயிற்சி என்ற நல்ல பெயரால் மலிவான உழைப்பைச் சுழற்சி முறையில் பெறுவதற்கு இச்சட்டத்தில் இடம் இருக்கிறது.

அப்ரண்டிஸ் நிலையைக் கடந்தவனுக்கோ ஒப்பந்தக்காரரின் சீட்டு. இந்தியத் தொழிற்சாலைத் தொழிலாளரில் இன்று ஐவரில் இருவர் ஒப்பந்தத் தொழிலாளர் என்று சர்க்காரின் தொழிற்கணக்கே தெரிவிக்கிறது. 24 மாதங்களில் 480 நாள் தொடர்ந்து வேலை செய்தவரை நிரந்தரமாக்கவேண்டும் என்று தமிழ்நாட்டில் 1981-இலேயே ஒரு நல்ல சட்டம் இயற்றப்பட்டது. ஆனால் 480-ஆவது நாள் நெருங்கும்போது வேலைக்குத் திடீரென முறிவு நேர்வதும், அதே ஆள் வேறொரு ஒப்பந்தக்காரர் பெயரில் மீண்டும் சேர்வதும் தொழிலாளர் கோர்ட்டு வாயிலை மிதித்தவர் எவருக்கும் புதிய கதையல்ல. 2025 நவம்பர் 21-ஆம் தேதி மத்திய சர்க்கார் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை அமலுக்குக் கொண்டுவந்தது. தொழிலாளி ஒவ்வொருவருக்கும் நியமனக் கடிதம் தரவேண்டும் என்பது அவற்றில் உள்ள நன்மை; வரவேற்கிறோம். ஆட்குறைப்புக்குச் சர்க்காரின் முன்அனுமதி பெறவேண்டிய தொழிற்சாலையின் அளவை 100 தொழிலாளரிலிருந்து 300 தொழிலாளராக உயர்த்தியிருப்பது அவற்றில் உள்ள குறை. கிண்டி போன்ற பேட்டைகளில் 300 பேர் வேலை செய்யும் பட்டறைகள் எத்தனை இருக்கும் என்பதை நேயர்களே எண்ணிப் பார்க்கலாம்.

வேலை நேரத்தின் கதை என்ன? நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் வேலை வாங்க வழிசெய்யும் மசோதா 2023 ஏப்ரல் 21-ஆம் தேதி நம் சட்டசபையிலேயே நிறைவேறியது. தொழிலாளர் சங்கங்களும் தோழமைக் கட்சிகளும் எழுப்பிய கண்டனத்தால் அவ்வருஷத்து மே தினத்தன்று அது வாபஸ் பெறப்பட்டது. உணவும் உறையுளும் எப்படி? 2021 டிசம்பரில், ஸ்ரீபெரும்புதூர்ப் பாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர் நூற்றுக்கு மேற்பட்டோர் விடுதி உணவால் நோயுற்றனர். அவர்களுடைய தோழிகள் பெங்களூர் நெடுஞ்சாலையில் அமர்ந்த பிறகே நாடு திரும்பிப் பார்த்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் பெருவிடுதி திறக்கப்பட்டது அக்கிளர்ச்சிக்குப் பின்னர்தான். சங்கம் சேரும் உரிமை எவ்வாறு? அதே ஸ்ரீபெரும்புதூரில் சாம்சங் தொழிலாளர் 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாட்கள் வேலைநிறுத்தம் செய்யவேண்டியிருந்தது. அவர்களுடைய சங்கம் பதிவு பெற்றது 2025 ஜனவரியில். சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றி நூறாண்டுகள் கடந்தபின்னும், ஒரு சங்கத்துக்குப் பெயர்ப் பலகை மாட்ட இத்தனை பாடு!

கொத்தனார், பிளம்பர், எலக்ட்ரீஷியன் ஆகியோர் இளம் என்ஜினீயரைவிட அதிகமாகச் சம்பாதிக்கவில்லையா என்று சிலர் கேட்கலாம். கைதேர்ந்த கொத்தனார் சென்னையில் நாளொன்றுக்கு ஆயிரம் ரூபாய்க்குக் குறைந்து வருவதில்லை என்பது மெய்யே. ஆனால் ஐப்பசி கார்த்திகை மழையில் அவருக்கு எத்தனை நாள் வேலை? சாரம் சரிந்தால் பொறுப்பேற்பவர் யார்? ஐம்பது வயதில் முழங்கால் தேய்ந்தபின் அடுப்பெரிப்பது எதனால்? இளைஞன் ஒரு நாள் கூலியை ஒரு நாள் சம்பளத்தோடு ஒப்பிடுவதில்லை. ஓர் ஆயுளை ஓர் ஆயுளோடு ஒப்பிடுகிறான். அவன் கணக்கு நம் கணக்கைவிடச் சரியானது.

ஊதியத்துக்கு அடுத்தது மதிப்பு. அசோக் நகர் வீடொன்றில் குழாய் பழுதானால், காலை முதல் போன் செய்து வருந்தி அழைக்கப்படுபவர் பிளம்பர். வந்தபின் அவரை "ஏம்ப்பா" என்கிறோம்; தாகத்துக்குத் தண்ணீர் கேட்டால் தனிக் குவளையைத் தேடுகிறோம். அவர் மகன் வயதுள்ள பாங்கி ஊழியரை "சார்" என்கிறோம். பெண் பார்க்கப் போகும் இடத்தில், மாதம் 20,000 ரூபாய் வாங்கும் கம்ப்யூட்டர்க்காரனுக்கு ஆசனம். மாதம் 35,000 ரூபாய் ஈட்டும் வெல்டருக்குத் தயக்கம். பின்னர் அதே வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, இக்காலத்துப் பிள்ளைகள் கைவேலைக்கு வருவதில்லையே என்று அங்கலாய்க்கிறோம்.

இந்த மதிப்பின்மையின் வேர் ஆழமானது. 1835-இல் மெக்காலே எழுதிய குறிப்பின் வழிவந்த கல்வி, வெள்ளைக்கார துரைத்தனத்துக்குக் குமாஸ்தாக்களைத் தயாரிக்கவே ஏற்பட்டது என்று தேசபக்தர்கள் கண்டித்தனர். அது பாதி உண்மை. குமாஸ்தா நாற்காலி, அதில் அமர்பவனின் தகப்பனார் என்ன தொழில் செய்தார் என்று கேட்கவில்லை என்பது மற்றப் பாதி. தோல் பதனிடுவோர் மகனும், துணி வெளுப்போர் மகனும், ஏர் உழுவோர் மகனும் ஊராரோடு சமமாக உட்கார்ந்த முதல் ஆசனம் அது. அந்த நாற்காலியின்மேல் அவர்களுக்குள்ள ஆசையை மோகம் என்று இகழ்பவர், தலைமுறை தலைமுறையாக அதில் அமர்ந்து பழகியவராகவே பெரும்பாலும் இருப்பர்.

1953-இல் ராஜாஜி மந்திரிசபை கொண்டுவந்த ஆரம்பக் கல்வித் திட்டத்தை நினைவுகூர்க. பாதி நேரம் பள்ளி. மீதி நேரம் பெற்றோரின் தொழிலைப் பழகுதல். கைத்தொழிலின் மேன்மை பற்றி அதில் உயர்ந்த பேச்சு இருந்தது. ஆயினும் தமிழ்நாடு அதைக் குலக்கல்வி என்று கண்டு கொதித்தெழுந்தது. 1954-இல் காமராஜர் மந்திரிசபை அதைக் கைவிட்டது. தமிழர் எதிர்த்தது உளியையும் சம்மட்டியையும் அல்ல. தகப்பனின் உளியே மகனுக்கு விதி என்பதையே எதிர்த்தனர். எழுபது ஆண்டுகளுக்குப் பின் அதே விவாதம் மீண்டும் எழுந்தது. 2023 செப்டம்பர் 17-ஆம் தேதி மத்திய சர்க்கார் 18 கைத்தொழில்களுக்கான விசுவகர்மா திட்டத்தைத் தொடங்கியது. 18 வயது நிரம்பியவர் அதில் சேரலாம். குடும்பத் தொழில் என்ற நிபந்தனையை நீக்கவேண்டும், வயதை 35 ஆக்கவேண்டும் என்று ராஜ்ய சர்க்கார் கேட்டது; பின்னர் 2025 ஏப்ரலில், குலத்தைக் கேளாமல் 25 தொழில்களுக்குக் கடனும் மானியமும் தரும் கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தானே தொடங்கியது. 18 வயது என்பது கல்லூரிக்குள் கால் வைக்கும் வயது. அவ்வயதில் ஒருவனுக்குக் காட்டப்படும் வழி அவன் தேர்ந்த வழியாக இருக்கவேண்டும். அவன் பிறந்த வழியாக இருக்கக்கூடாது. தமிழ்நாட்டு இளைஞரில் ஏறக்குறையப் பாதிப்பேர் உயர்கல்வியில் சேர்கின்றனர் என்று 2021-22-ஆம் வருஷக் கணக்கு காட்டுகிறது, நூற்றுக்கு 47. இந்தியா முழுமைக்கும் அது 28.4. இந்த வெற்றியைத் தவறென்று கூறுவோர் பேச்சுக்கு நாம் செவிசாய்க்க இயலாது. இந்நிலையில் கைத்தொழிலுக்கு ஆள் வேண்டுவோர், படிப்பைத் தாழ்த்தி அதைப் பெற முடியாது. கைத்தொழிலை உயர்த்தியே பெற முடியும்.

அது ஆகாத காரியமா? ஜெர்மனியைப் பாருங்கள். அங்கே 1969-ஆம் வருஷத்திய சட்டப்படி, இளைஞன் வாரத்தில் சில நாள் தொழிற்சாலையிலும் சில நாள் பள்ளியிலும் பயில்கிறான், ஊதியம் பெறுகிறான். பின்னர் 'மைஸ்டர்' என்னும் தொழில் ஆசான் பட்டம் பெறலாம். 2012-இல் அந்நாட்டார் வகுத்த தகுதி வரிசையில் அப்பட்டமும் கல்லூரியின் இளங்கலைப் பட்டமும் ஒரே படியில் வைக்கப்பட்டன. நம் நாட்டில் பிட்டராகச் சேர்ந்தவன் பெரும்பாலும் பிட்டராகவே ஓய்வு பெறுகிறான். ஐ.டி.ஐ. தேறியவர் பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருஷத்திலும், டிப்ளமா பெற்றவர் என்ஜினீயரிங்கில் இரண்டாம் வருஷத்திலும் சேர நம்மிடமும் வழி இருக்கிறது. ஆனால் மாதக் கூலியை விட்டுவிட்டு மூன்று வருஷம் படிக்கச் செல்ல எந்த ஏழையால் இயலும்? ஏணி இருக்கிறது, அதன் கீழ்ப்படி தரையைத் தொடவில்லை.

தமிழ்நாட்டில் முயற்சி இல்லை என்று நாம் கூறவில்லை. 71 சர்க்கார் ஐ.டி.ஐ.களை டாடா டெக்னாலஜீஸ் ஸ்தாபனத்தோடு சேர்ந்து 2,877 கோடி ரூபாயில் புதுப்பிக்கும் திட்டமும், 2022 மார்ச்சில் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டமும் பாராட்டத்தக்கவை. ஆனால் புதிய யந்திரத்தில் பயின்றவனைப் பழைய ஒப்பந்தச் சீட்டிடம் ஒப்படைத்தால் பயன் என்ன?

ஆகவே நாம் கோருவன இவை. அப்ரண்டிஸின் உதவித்தொகை, அவன் தங்கும் ஊரில் உண்டு உறங்கப் போதுமானதாக இருக்கவேண்டும். பயின்ற இடத்தில் காலியாகும் வேலையில் அவனுக்கே முதல் உரிமை வேண்டும். 480 நாள் சட்டத்தை ஏய்ப்போர் மீது நடவடிக்கை எடுக்கப்படவேண்டும். முறிவுகள் அனைத்தையும் சேர்த்தே நாட்களைக் கணக்கிட விதி வேண்டும். ஒவ்வொரு தொழிற்பேட்டைக்கும் அருகில், வேலை முடிந்து வருபவர் பயில மாலைநேரப் பாலிடெக்னிக் வேண்டும். கட்டட வேலை செய்பவருக்கு 1994-இல் நலவாரியம் கண்ட தமிழ்நாடு, அவருக்கு முதுமையில் மானமாக வாழும் அளவுக்குப் பென்ஷன் அளிக்கவேண்டும். இவற்றைச் செய்தபின்னும் இளைஞர் பட்டறையை வெறுப்பாராயின், உத்தியோக மோகம் என்ற குற்றச்சாட்டை அன்று ஏற்றுக்கொள்வோம்.

தேச ஊழியர்களுக்கு ஒரு வார்த்தை. வக்கீலாக இருந்த வ.உ.சி. 1908-இல் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் முன்னின்றார். தொழிலாளியின் வழக்கைத் தேசத்தின் வழக்காகக் கொண்டதனால் அவர் புகழ் குன்றவில்லை. இன்று நம் கட்சிக் கூட்டங்களில் வேலையின்மை பற்றிய தீர்மானங்கள் குறைவில்லாமல் நிறைவேறுகின்றன. ஆனால் ஒப்பந்தத் தொழிலாளி ஒருவனை மேடையேற்றி அவன் வாயால் அவன் கதையைக் கேட்ட கூட்டங்கள் எத்தனை? அசோக் நகரிலும் கலைஞர் கருணாநிதி நகரிலும் உள்ள அன்பர்கள், ஆற்றைக் கடந்து ஒரு மாலைப்பொழுது கிண்டிப் பேட்டையின் வாயிலில் நிற்கட்டும். வேலை விட்டு வருவோரிடம், எத்தனை வருஷமாக இங்கே வேலை செய்கிறீர், நியமனக் கடிதம் உண்டா, பி.எப். பிடித்தமும் இ.எஸ்.ஐ. அட்டையும் உண்டா என்ற மூன்று கேள்விகளைக் கேட்கட்டும். விடைகளைக் குறித்துக்கொண்டு வந்து தத்தம் கட்சிச் செயற்குழுவின் முன்னும், தொகுதிச் சட்டசபை அங்கத்தினரின் முன்னும் வைக்கட்டும். இளைஞரைக் குறைகூறுவதை விட்டு இப்பணியில் நம்மவர் இறங்கவேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.